மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை

"மங்கா" என்னும் சொல்லை யாம் முதன்முதல் எம் தமிழ் வகுப்பு நண்பர்களிடையே கூறியபோது, ஒருவர் அதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகக் கொண்டு, "மங்காப் புகழ் என்பது போலவோ?" என வினவினார். மற்றொருவர் செவியில் அது மாங்காயாக விழுந்தமையால், அவர் உப்பும் மிளகாய்ப்பொடியும் எங்கே எனத் தேடலானார். இரண்டும் அன்று. மங்கா என்பது ஜப்பானியர் தம் சித்திரக்கதைகளுக்கு வழங்கும் பெயர். இக்காலத்து மாணவருள் இதனைக் கைபேசியிற் படியாதார் சிலரே. படிப்பதைப் பெரியோர்முன் ஒப்புக்கொள்வாரோ அவரினும் சிலர். படிப்பது குற்றமாயின் விடுதல் வேண்டும். குற்றமன்றாயின் மறைத்தல் வேண்டா. இவ்விரண்டனுள் எது தக்கது என்பதையும், படிக்குமிடத்து எவ்வழியிற் படித்தல் முறை என்பதையும் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் இக்கலையின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். ஹொகுசாய் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1814-ஆம் ஆண்டில் தம் சித்திரத் தொகுதியொன்றை மங்கா என்னும் பெயரால் வெளியிடத் தொடங்கினார். அது பதினைந்து பாகங்களாக விரிந்தது. மனம் போன போக்கில் வரைந்த படங்கள் என்பதே அச்சொல்லின் பொருள். எனினும் இன்று யாம் காணும் நெடுங்கதை வடிவத்திற்கு வழிவகுத்தவர் ஒசாமு தெசுகா என்பவர். அவர் 1928-இற் பிறந்து 1989-இல் மறைந்தார். மருத்துவம் கற்றுத் தேறியும் அதனைத் தொழிலாகக் கொள்ளாது தூரிகையையே கைக்கொண்டார். போர் முடிந்து ஜப்பான் சாம்பலாய்க் கிடந்த காலத்தில், 1947-இல் வெளிவந்த "புதிய புதையல் தீவு" என்னும் அவர் நூல், ஓடும் படக்காட்சியைத் தாளிற் காண்பது போன்ற உணர்ச்சியைச் சிறுவர்க்கு ஊட்டிற்று. கௌதம புத்தர் வரலாற்றையும் அவர் 1972 முதல் 1983 வரை ஒரு பெருங்கதையாக வரைந்தார். நம் நாட்டு மண்ணில் நிகழ்ந்த வரலாற்றைக் கடல் கடந்த ஒருவர் பதினோராண்டு உழைத்து ஓவியமாக்கினர் என்பதை யாம் அறிந்தபோது, சித்திரக்கதை சிறுபிள்ளை விளையாட்டு என்னும் எம் எண்ணம் முதன்முதல் அசைந்தது.

இனி, வகைகளைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். மங்காவைப் புதிதாகப் படிக்கப் புகுவார் பெரும்பாலும் மயங்குமிடம் இதுவே. ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்னும் நான்கு பெயர்களையும் கதைப்பொருளின் வகைகள் என்று பலர் எண்ணுகின்றனர். அவை கதைப்பொருளின் வகைகள் அல்ல, படிப்பாரின் வகைகள். ஷோனென் என்பது சிறுவர்க்கும், ஷோஜோ சிறுமியர்க்கும், செய்னென் வளர்ந்த ஆடவர்க்கும், ஜோசெய் வளர்ந்த மகளிர்க்கும் உரிய இதழ்களில் வெளிவருவன. ஜப்பானில் மங்கா பெரும்பாலும் முதலில் இதழிலேயே தொடராக வருகின்றது. பின்னரே நூலாகத் தொகுக்கப்படுகின்றது. ஆகவே எவ்விதழில் வந்ததோ அவ்விதழின் பெயரால் அதன் வகை அமைகின்றது. 1968-இல் தோன்றிய "ஷோனென் ஜம்ப்" என்னும் இதழ் நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்றனையும் தன் குறிக்கோளாக உடையது. 1990-களின் நடுவில் அதன் ஒரே இதழ் அறுபது இலட்சம் படிகளுக்குமேல் அச்சிடப்பெற்றது.

கதைப்பொருளால் வகுக்கப் புகின் அதற்கு எல்லையே இல்லை. விளையாட்டு, துப்பறிதல், சமையல், வரலாறு, அச்சம், அறிவியல், இல்லறம், உழவு எனப் பலவாறு விரியும். கூடைப்பந்தை நாடெங்கும் பரப்பிய "ஸ்லாம் டங்க்" ஒரு பக்கம். வேளாண்மைப் பள்ளியிற் சேர்ந்த சிறுவன், தான் வளர்த்த பன்றி உணவாகும் நாளை எண்ணிக் கலங்குதலைக் கூறும் "வெள்ளிக் கரண்டி" ஒரு பக்கம். இவ்விரண்டும் சிறுவர் இதழ்களில் வந்தவையே. அகமும் புறமும் எனப் பொருளால் நூலை வகுத்துக் கற்ற நமக்கு, கேட்போரால் நூலை வகுக்கும் இம்முறை முதலில் விந்தையாகத் தோன்றும். ஆயினும் ஒரு நன்மை அதிலுண்டு. வளர்ந்தோர்க்கென எழுதியதைச் சிறுவர் கையிற் கொடாமைக்கு அது ஒரு வேலியாகும். மங்கா முழுவதும் தூயது என்று யாம் வாதிக்கவில்லை. இழிந்தனவும் கொடியனவும் அதனுள் மிகுதியும் உண்டு. அச்சுப்பொறி ஈன்ற பிள்ளைகளெல்லாம் ஒரே குணத்தன அல்லவே! தமிழ் நாவலினும் இழிந்தன உண்டு. அதனால் நாவலை எவரும் விலக்கவில்லை.

வேலி உண்டெனினும் அவ்வேலி உள்ளிருப்பதை முற்றும் உணர்த்தாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். கெய்ஜி நகசாவா என்பவர் 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவராய் இருந்தார். பள்ளிக்கூடத்து மதிற்சுவர் மறைத்தமையால் அவர் உயிர் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் அன்றே மாண்டனர். 1966-இல் அவர் அன்னையார் இறந்து உடல் எரியூட்டப்பெற்றபோது, எடுத்து வைத்தற்கு எலும்பும் எஞ்சாது சாம்பலாய்ப் போயிற்று. அணுக்கதிர் தம் தாயின் எலும்பையும் தின்றது என்று அவர் கொண்ட சினமே அவரை எழுத வைத்தது. 1973-இல் அவர் தொடங்கிய "வெறுங்கால் கென்" என்னும் கதை வெளிவந்தது வேறெங்குமன்று, நட்பு, முயற்சி, வெற்றி என்று மேலே கூறிய அந்தச் சிறுவர் இதழிலேதான். வீரர் விளையாடும் பக்கங்களினிடையே, தோலுரிந்து தொங்கக் கைகளை நீட்டிக்கொண்டு நடக்கும் மாந்தரைச் சிறுவர்கள் கண்டனர். அவர் தம் அரசரையும் படைத்தலைவரையும் அதிற் கண்டித்தார். குண்டு வீசிய அமெரிக்கரையும் விடவில்லை.

இந்நூல் பத்துப் பாகங்களாக முடிந்து, பள்ளி நூலகங்களிற் பல்லாண்டு இடம்பெற்றது. ஆயினும் 2012-இல் மட்சுவே என்னும் நகரத்துக் கல்விக் கழகத்தார், இதிலுள்ள கொடுங்காட்சிகள் மாணவர்க்கு ஒவ்வா என்று கூறி, அந்நூலைப் பள்ளி நூலகங்களில் எளிதில் எடுக்கவொண்ணாதவாறு செய்தனர். செய்தி வெளிப்பட்டு நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், 2013-இல் அக்கட்டளை நீக்கப்பட்டது. 2023-இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து அந்நூற் பகுதிகளை எடுத்துவிட்டது. கண்டார் நெஞ்சை நடுங்கச் செய்யும் வலிமை படத்துக்கு உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது யாது? வெற்றுப் பொழுதுபோக்காயின் அதனைப் பூட்டி வைக்க ஒருவரும் முயலார்.

தமிழ் கற்கும் எம்மை மற்றெல்லாவற்றினும் கவர்ந்தது "சிஹயஃபுரு" என்னும் கதை. யுகி சுயெட்சுகு என்னும் அம்மையார் 2007 முதல் 2022 வரை மகளிர் இதழொன்றில் இதனை எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் புலவர் ஒருவர் தொகுத்த நூறு பழம்பாடல்களைச் சீட்டுகளிற் பொறித்து ஆடும் ஆட்டம் ஒன்று ஜப்பானில் உண்டு. அதனைக் கருதா என்பர். ஒருவர் பாடலின் முற்பகுதியைப் படிக்க, ஆடுவோர் பிற்பகுதி எழுதிய சீட்டைத் தேடிக் கையாலடித்துக் கவர்தல் வேண்டும். நூறு பாடல்களையும் மனப்பாடம் செய்தவர்க்கு முதற்சில எழுத்துகளே போதும். சில பாடல்கள் முதலெழுத்தொன்றாலேயே விளங்கிவிடும். இவ்வாட்டத்தில் உயிரையே வைத்த மாணவர் சிலரின் கதை அது. பழம்பாடலை வாழ்க்கையோடு ஒட்டிய பொருளாகக் கொண்டு, அதன்பொருட்டு ஓடியும் வியர்த்தும் அழுதும் நிற்கும் இளைஞரை அதிற் கண்டோம். நம்மிடம் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் உள. அவற்றைத் தேர்வின் முதல்நாள் இரவன்றி வேறெப்போது இவ்வாறு ஆவலொடு எடுத்தோம்? இவ்வினா எம்மை வெட்கமுறச் செய்தது. அவ்வெட்கத்தாற் குறுந்தொகையை மீண்டும் எடுத்தோம் என்பது உண்மை. எம்மைப் பழந்தமிழுக்கு மீட்டுக் கொணர்ந்த நூலை வீண்நூல் என்று எங்ஙனம் கூறுவோம்?

கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு ஓரிடத்தில் மட்டும் நெஞ்சு தயங்கிற்று. 2006-இல் தொடங்கிய ஒரு கதையில், இயேசுநாதரும் புத்தரும் விடுமுறைக்குப் பூவுலகிற்கு வந்து, டோக்கியோவின் மேற்கிலுள்ள தச்சிகவாவில் சிறுவீடு ஒன்றில் வாடகைக்கு வாழ்வதாக நகைச்சுவைபடக் கூறப்படுகின்றது. படித்த முதற்பொழுதில் எமக்கு அது உவப்பாயில்லை. பின் பொறுமையொடு நோக்கியபோது அதிற் பகைமை காணப்படவில்லை. இருவரும் சில்லறையை எண்ணிச் சிக்கனமாய் வாழும் நல்ல நண்பராகவே காட்டப்பெற்றுள்ளனர். ஆயினும் யாம் வணங்கும் திருப்பெயரை நகைப்பொருளாக்கியதை எம் பாட்டியார் பொறுப்பரோ எனின், பொறார். ஆதலின் அந்நூலைப் பிறர்க்கு யாம் பரிந்துரைப்பதில்லை. தடுத்தற்கும் யாம் முன்வாரோம். தக்கதும் தகாததும் தேர்ந்து கொள்ளும் பயிற்சியே கல்வியின் பயன்; தேர்வதற்கு ஒன்றுமே இல்லாதவாறு அடைத்துவிட்டால் அப்பயிற்சி யாண்டுப் பிறக்கும்?

இதுகாறும் என்ன படிப்பது என்று கூறினோம். இனி எவ்வாறு படிப்பது என்னும் வினா. இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

ஒளியாது சொல்லின், யாம் முதலாண்டில் மங்காவைக் களவாகவே படித்தோம். ஜப்பானிய இதழை வாங்கி, பக்கங்களைப் படமெடுத்து, உரையாடற் குமிழிகளிலுள்ள ஜப்பானிய எழுத்துகளை அழித்து, ஆங்கிலத்தை இட்டு, உரியவர் இசைவின்றி இணையத்தில் ஏற்றிவிடுவார் பலர். அவற்றைத் திரட்டி விளம்பரத்தாற் பணம் ஈட்டும் தளங்கள் வேறு. விடுதி அறையில் விளக்கணைத்தபின் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு விடியும்வரை படித்ததுண்டு. அது களவு என்னும் எண்ணம் ஒருநாளும் எமக்குத் தோன்றிற்றில்லை. காசு கொடாது கிடைப்பதெல்லாம் மழைநீர் போலப் பொது என்றே கருதினோம்.

பின்னர் ஒன்று நிகழ்ந்தது. எம் ஊர்ச் சபையின் மலருக்கு யாம் எழுதிய சிறு கட்டுரையொன்று, எம் பெயரின்றி, ஒரு சொல்லும் மாறாது, வேறொரு மலரிற் காணப்பட்டது. யாம் வெகுண்டு, அறையில் உடனுறையும் நண்பரிடம் நெடுநேரம் முறையிட்டோம். அவர் முழுவதும் கேட்டிருந்து, "நேற்றிரவு நீர் படித்த கதைக்கு ஆசிரியர் யார்?" என்று ஒன்றே வினவினார். எமக்கு அப்பெயர் தெரியவில்லை. நூறு அத்தியாயம் படித்தும் எழுதியவர் பெயரை யாம் அறிந்திலோம்! அன்று எம் வெகுளி எம் மேலேயே திரும்பிற்று. பத்துக் கட்டளைகளுள் எட்டாவதனை ஞாயிறுதோறும் பள்ளியில் ஒப்புவித்து வளர்ந்தவர் யாம்.

இக்களவினால் யாருக்கு என்ன தீங்கு என்பார் உளர். கேண்மின்: வார இதழுக்கு வரையும் ஓவியர் வாரந்தோறும் ஏறக்குறைய இருபது பக்கம் தருதல் வேண்டும். இதழ் தரும் பக்கக்கூலியில் தம் உதவியாளர்க்குக் கூலி கொடுப்பவரும் அவரே. பின்னர் வெளிவரும் நூற்படிகள் விற்றால் வரும் உரிமைத்தொகையே அவருக்கு ஊதியமாவது. 2017-இல் ஜப்பானில் மின்வடிவ மங்கா நூல்களின் விற்பனை அச்சு நூல்களின் விற்பனையையும் விஞ்சிற்று. ஆகவே இணையத்தில் நிகழும் களவு, ஓவியர் உண்ணும் கலத்திலேயே கைவைப்பதாகும். மங்காமுரா என்னும் கள்ளத்தளம் 2018-இல் மூடப்பட்டது. அதனை நடத்தியவர்க்கு 2021-இல் ஃபுகுவோகா நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2024-இல் டோக்கியோ நீதிமன்றம், மூன்று பதிப்பகத்தார்க்கு ஏறக்குறைய 170 கோடி யென் ஈடு செலுத்துமாறு அவர்க்குக் கட்டளையிட்டது. 2021 தொடங்கி, கள்ளப்படி என்று அறிந்தே பதிவிறக்குதலும் ஜப்பானியச் சட்டத்திற் குற்றமாயிற்று.

மங்கா வரைவோர் தம்முள்ளும் இவ்வறத்தைக் கடுமையாகவே போற்றுகின்றனர். மேலே போற்றிய சிஹயஃபுருவின் ஆசிரியரே, பிறர் சித்திரங்களைப் பார்த்துப் படியெடுத்தமையால், 2005-இல் தம் முன்னை நூல்களெல்லாம் விற்பனையினின்று நீக்கப்பெற்றவர். அவர் பிழையை ஒப்புக்கொண்டு ஒதுங்கியிருந்து, ஈராண்டு கழித்து மீண்டார். அவரது சிஹயஃபுருவே 2009-இல் மங்காப் பெரும்பரிசு பெற்றது. பிழையை மறையாது திருந்தினார்க்கு வாயில் அடைக்கப்படுவதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டு யாமும் தேறினோம்.

எதிர்த்தரப்பாரின் கூற்றையும் மறைத்தல் முறையன்று. மங்காவைப் பல நாட்டார்க்கு அறிமுகம் செய்தவர் இவ்வாறு ஊதியமின்றி மொழிபெயர்த்த ஆர்வலரே என்பர். அது பெரும்பாலும் மெய்யே. ஏழை மாணவர் ஒரு நூற்படிக்கு நூற்றுக்கணக்கில் உரூபாய் எவ்வாறு கொடுப்பர் என்பர். அதுவும் மெய்யே, எம் சட்டைப்பையும் அதற்குச் சான்று. ஆயினும் இன்று நேர்வழி இல்லாமலில்லை. ஷோனென் ஜம்ப் இதழை வெளியிடும் ஷுயெய்ஷா பதிப்பகத்தார் 2019-இல் "மங்கா பிளஸ்" என்னும் தளத்தைத் திறந்து, பல கதைகளின் முதல் அத்தியாயங்களையும் புதிய அத்தியாயங்களையும் ஜப்பானில் வெளிவரும் நாளிலேயே விலையின்றிப் படிக்கத் தருகின்றனர். நேர்வாயில் திறந்திருக்கும்போது மதிலேறிக் குதிப்பதற்கு வறுமையைக் காரணம் காட்டல் பொருந்துமோ?

ஆர்வலர் உழைப்பையும் யாம் இகழ்கின்றோமல்லோம். அவ்வுழைப்புக்கு நேரிய வழியொன்றுண்டு என்கின்றோம். வெறுங்கால் கென் ஆங்கிலத்திற் சென்ற வரலாறே அதற்கு அளவுகோல். 1970-களின் பிற்பகுதியில் டோக்கியோவில் ஜப்பானிய இளைஞரும் அமெரிக்க இளைஞரும் ஒன்றுகூடி, ஒரு காசும் பெறாது அதனை மொழிபெயர்த்தனர். ஆங்கிலத்திற்கு முதன்முதல் வந்த மங்காக்களுள் அது ஒன்று. அவர்க்கும் இணையத்து ஆர்வலர்க்கும் உழைப்பில் வேறுபாடில்லை, அன்பிலும் வேறுபாடில்லை. அவர் ஆசிரியரைக் கேட்டனர், இவர் கேட்கவில்லை. வேறுபாடு அவ்வளவே, அவ்வளவும் பெரிதே.

இவ்வேளை தமிழுக்குச் சாலத் தகும். மங்கா பிளஸ் தளத்திற் பல மொழிகள் உள. தமிழ் அவற்றுள் இல்லை. ஐரோப்பியச் சித்திரக்கதைகளை அரை நூற்றாண்டாகச் சிவகாசிப் பதிப்புகளிற் படித்துச் சுவைத்த தமிழர்க்கு மங்கா மட்டும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டுமோ? அன்றியும் மங்காவை மொழிபெயர்த்தலில் தமிழுக்கு ஆங்கிலத்தினும் ஒரு வசதி உண்டு. ஜப்பானியம் ஒலிக்குறிப்புச் சொற்கள் மலிந்த மொழி. அவை படத்தின் உறுப்பாகவே வரையப்படும். நெஞ்சு துடிப்பதற்கு "தொகி தொகி" என்பர். மின்னுவதற்கு "கிரா கிரா" என்பர். ஓசையின்மைக்கும் ஓர் ஒலிச்சொல் வைத்துள்ளனர். இவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொல் பலகால் கிடைப்பதில்லை. நமக்கோ தொல்காப்பியர் காலந்தொட்டு இரட்டைக்கிளவி உண்டு. "படபட" எனவும் "மினுமினு" எனவும் எழுதிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் நிம்மதியாய் உறங்கலாம். வலமிருந்து இடமாகப் பக்கங்களைப் புரட்டும் வழக்கம் ஒன்றே புதிது. அதுவும் ஒரு நாளிற் பழகிவிடும். யாமே முதற்கதையை முடிவிலிருந்து படிக்கத் தொடங்கி, இறந்தவர் எழுந்து நடப்பதைக் கண்டு வியந்து, பின் தெளிந்தோம்.

ஆகவே எம் துணிபு இதுவாகும். ஆசிரியப் பெருமக்கள், சித்திரக்கதை என்னும் பெயர் கேட்டவுடனே அதனைத் தள்ளாது, நம் கல்லூரி நூலகத்தில் வெறுங்கால் கென்னையும் தெசுகாவின் புத்தரையும் வாங்கி வைத்தருளல் வேண்டும். நூலகத்தில் ஒரு படி இருப்பின், நூறு மாணவர் களவின்றிப் படிக்கலாம். உடன் பயிலும் நண்பர்காள்! படிப்பதை மறைக்க வேண்டா; மறைக்க வேண்டிய வழியிற் படிக்கவும் வேண்டா. எந்தக் கதையை எடுப்பினும் முதலில் ஆசிரியர் பெயரைப் படியுங்கள். ஜப்பானியமும் தமிழும் கற்க வல்லவர் நம்முள் ஒருவரேனும் எழுந்து, உரியவரைக் கேட்டு, ஒரு நூலையாவது தமிழாக்குவாராயின், யாம் அதனை விலை கொடுத்து முதற்படியாக வாங்குவோம். அன்று எம் வகுப்பு நண்பர் கண்ட இலக்கணமும் பொய்யாகாது. அச்சொல் தமிழிலும் மங்காத ஒன்றாய் நிலைபெறும்.